கேரட் பாத்தியும் கூன்முதுகு மீனும்

மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைப் பக்கம் கேரட், உருளை, பூண்டு போட்டிருக்கும் விவசாயிகளுக்கு ஒரு கேள்வி. உங்கள் பாத்தியில் பெய்த மழைநீர் வடிந்து எங்கே போகிறது? "ஓடைக்குப் போகிறது" என்பீர்கள். ஓடையிலிருந்து எங்கே?

பழனி மலையின் மேற்குச் சரிவில் விழும் மழையில் பெரும்பங்கு தேனாறாகச் சேர்ந்து, மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கி, அமராவதியோடு கலக்கிறது. அணையைத் தாண்டி தாராபுரம், கரூர் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிறது. இந்த அமராவதி ஆற்றுக் குடும்பத்தில்தான், உலகம் முழுவதும் தூண்டில்காரர்கள் ஒரு முறையாவது பார்க்க ஆசைப்படும் மீன் ஒன்று இருக்கிறது. கூன்முதுகு மஹ்சீர் என்பது அதன் பெயர். அழியும் விளிம்பில் நிற்கும் இந்த மீனுக்கும் உங்கள் கேரட் பாத்திக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதே இந்தக் கட்டுரை.

இறகால் செய்த பூச்சி

நமக்குத் தெரிந்த தூண்டில் எளிமையானது. முள்ளில் மண்புழுவைக் கோர்த்து, தக்கை கட்டி, தண்ணீரில் போட்டுக் காத்திருப்போம். வெளிநாடுகளில் 'ஃபிளை ஃபிஷிங்' என்று ஒரு முறை உண்டு. தமிழில் இறகுத் தூண்டில் எனலாம். இதில் இரை கிடையாது. சிறிய முள்ளின் மேல் பறவை இறகு, விலங்கு முடி, நூல் இவற்றைச் சுற்றி, தண்ணீர்ப் பூச்சி போலவே செய்துவிடுவார்கள். அதற்கு எடையே இருக்காது. எனவே கனமான நரம்பைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப் பூச்சியை மீன் இருக்கும் இடத்தில் மெதுவாக இறக்குவார்கள். பூச்சி விழுந்தது என்று நம்பி மீன் எழும்பிக் கவ்வும்.

இதில் கைத்திறனைவிட முக்கியமானது கவனிப்பு. அந்த ஆற்றில், அந்த மாதத்தில், எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து வெளிவருகிறது என்று தெரியாதவருக்கு மீன் சிக்காது. கல்லைப் புரட்டிப் பார்த்து, பூச்சியை அடையாளம் கண்டு, அதே நிறத்தில் அதே அளவில் இறகைக் கட்டுபவரே நல்ல தூண்டில்காரர். வயலில் இறங்கிப் பூச்சியைக் கணக்கெடுத்த பிறகே மருந்தை எடுக்கும் நல்ல விவசாயியின் பழக்கமும் இதுதான்.

நம் மலைகளில் இந்த முறை ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1863-லேயே பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் முயன்றார். அது கைகூடவில்லை. 1900-களின் முதல் பத்தாண்டில் எச்.சி.வில்சன் வானவில் டிரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். வெளியூர் மீனைக் கொண்டுவந்து விட அவ்வளவு பாடுபட்ட நாட்டின் ஆறுகளிலேயே, அதைவிடப் பல மடங்கு பெரிய, வலிமையான மீன் இருந்தது.

கூன்முதுகு மஹ்சீர்

மஹ்சீர் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் கொண்டது. கேரளப் பக்கத்தில் மஹ்சீர் வகைகளைக் குயில் மீன் என்றும் சொல்வதுண்டு. இவற்றில் காவிரிக்கும் அதன் கிளை நதிகளுக்கும் மட்டுமே உரிய இனம் கூன்முதுகு மஹ்சீர். தலைக்குப் பின்னால் முதுகு மேடிட்டிருக்கும். துடுப்புகள் தீ நிறத்தில் இருக்கும். 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. ஒரு மூட்டை சிமெண்டைவிடக் கனமான கெண்டை என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு நீண்ட காலம் முறையான அறிவியல் பெயரே இல்லை. 2018-ல்தான் குழப்பம் தீர்ந்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தவர்கள், அது 'டோர் ரெமாதேவி' என்று ஏற்கெனவே பெயரிடப்பட்ட மீன்தான் என்று கண்டறிந்தார்கள். அந்தப் பெயர் எந்த ஆற்று மீனுக்கு வைக்கப்பட்டது தெரியுமா? சின்னாறு வன உயிரினச் சரணாலயத்தில் ஓடும் பாம்பாற்று மீனுக்கு. 2010-ல் கேரள ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த மீன்களைப் புதிய இனமாக விவரித்து, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். (இது பெரியகுளம் கும்பக்கரையில் விழும் பாம்பாறு அல்ல, மறையூர்ப் பக்கமிருந்து வந்து அமராவதியில் சேரும் பாம்பாறு.)

பெயர் கிடைத்த அதே 2018-ல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை 'மிக அருகிய இனம்' என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. இயற்கையில் அழிந்துபோவதற்கு முந்தைய கடைசிப் படி அது.

பாம்பாறும் தேனாறும் வெவ்வேறு மலைகளில் பிறந்தாலும் அமராவதிக்குத்தான் வருகின்றன. 1950-களில் அமராவதி அணை கட்டப்பட்ட பிறகு, கீழே காவிரியில் இருக்கும் மீன் மேலே வர வழியில்லை. நடுவில் இருக்கும் நீர்த்தேக்கமோ திலேப்பியாவின் ராஜ்ஜியம். எனவே அணைக்கு மேலே உள்ள மீன்களுக்கு, மேலேயிருந்து வரும் ஓடைகளை விட்டால் வேறு கதியில்லை. அந்த ஓடைகளின் தலைமாட்டில் இருப்பவர்கள் நீங்கள்.

நல்லது செய்யப் போய்

காவிரியில் நடந்த ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. கேழ்வரகு உருண்டையை முள்ளில் கோர்த்து மீன் பிடிப்பார்கள். பிடித்த மீனை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வழிகாட்டி வேலை, பரிசல் வேலை, காவல் வேலை கிடைத்தது. முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலர் அதே மீனுக்குக் காவல்காரர்கள் ஆனார்கள்.

ஆற்றில் மீன் குறைகிறது என்று பார்த்து, 1970-களிலிருந்து பொரிப்பகத்தில் வளர்த்த மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை காவிரியின் இனம் அல்ல. லோனாவாலாவில் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் அலசினார்கள். நீலத்துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே போயின. கூன்முதுகு மீன்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. சிக்கியவையும் வயதான பெரிய மீன்களாகவே இருந்தன. இளம் மீன்கள் தென்படவில்லை. வீட்டில் கிழவர்கள் மட்டும் இருந்து குழந்தைகளே இல்லையென்றால் அந்தக் குடும்பம் என்னவாகும்?

விதையைப் போலத்தான் மீனும். ஒரு மண்ணுக்கு உரிய நாட்டு ரகத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது என்று வேறு ரகத்தைக் கொட்டினால் கலப்பும் போட்டியும்தான் மிஞ்சும். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. சாதாக் கெண்டை, திலேப்பியா போன்றவை மழைக்காலத்தில் குட்டை நிரம்பி ஓடைக்குப் போகாதபடி வடிகாலில் நெருக்கமான வலை கட்டுங்கள். அரசு தடை செய்துள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்தக் காரணத்துக்காகவும் வளர்க்க வேண்டாம். "ஓடையில் மீன் பெருகட்டும்" என்று குஞ்சு வாங்கி விடுவதும் வேண்டாம்.

மலையில் நடப்பது என்ன?

மேல்மலையின் சிற்றோடைகளில் மஹ்சீரைத் தேட வேண்டாம். செங்குத்தான அருவிகளைத் தாண்டி அது வர முடியாது. இங்கே இருப்பவை விரல் நீள மீன்கள். பாறையில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு பாசியை மேயும் மீன்கள், கூழாங்கல் நடுவே ஒளியும் அயிரை வகைகள் போன்றவை. கீழே உள்ள பெரிய மீனுக்கு மேலிருந்து போக வேண்டியவை மூன்று. கோடையிலும் வற்றாத நீர், மண் கலக்காத நீர், விஷம் இல்லாத நீர்.

முதலில் நீர். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் இந்த மலையின் நீர்த்தொட்டி. மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை அவை. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் உயர்மலைப் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018-ல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. சீகை, தைலம், பைன் போன்ற மரத் தோட்டங்கள் பெரும் காரணம். விவசாயம் விரிந்ததும் ஒரு காரணம். இதற்கு மேல் பிப்ரவரி முதல் மே வரை ஓடையில் குழாய்களைப் போட்டு மிச்சமிருக்கும் நீரையும் எடுத்துவிடுகிறோம்.

அடுத்து மண். மஹ்சீர் இனங்கள் மழை வெள்ளத்தில் மேல்நோக்கி நீந்தி, சுத்தமான நீர் ஓடும் கூழாங்கல் படுகையில் முட்டையிடுகின்றன. கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்குப் பிராணவாயு கிடைக்கும். மேட்டிலிருந்து கீழாகப் பாத்தி போட்ட நிலத்தில் ஒரு கனமழை பெய்தால், மேல்மண் செம்மண் குழம்பாக இறங்குகிறது. அது படிந்து கல்லிடுக்கை அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். உங்களுக்கு நட்டமாவது தொழு உரமும் மக்கும் போட்டுப் பல ஆண்டுகளாகச் சேர்த்த மண். மீனுக்கு நட்டமாவது ஒரு தலைமுறை.

மூன்றாவது விஷம். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டுகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. தண்ணீரில் மிகச் சிறிய அளவில் கலந்தாலே மீன் செத்துவிடும். இமிடாகுளோபிரிட் மீனை உடனே கொல்லாது. ஆனால் மீன் தின்னும் தண்ணீர்ப் பூச்சிகளை, குறிப்பாக மேஃபிளை எனப்படும் பூச்சியின் இளம்புழுக்களை, மிகக் குறைந்த அளவிலேயே அழித்துவிடும். இறகுத் தூண்டில்காரர் எந்தப் பூச்சியைப் பார்த்துப் பொய்ப் பூச்சி செய்கிறாரோ, அந்தப் பூச்சியே இல்லாத ஓடையில் மீன் எதைத் தின்னும்?

இவை போதாதென்று வெடி வைப்பதும், பிளீச்சிங் பவுடர் கொட்டுவதும், மின்சாரம் பாய்ச்சுவதும் அங்கங்கே நடக்கின்றன. வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. ஒரு கிலோ மீனுக்காகக் குஞ்சு, முட்டை, பூச்சி அனைத்தும் சேர்ந்து அழிகின்றன. அதே தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர் குடிக்கிறது.

நீங்கள் செய்யக் கூடியவை

பெரிய செலவில்லாமல் இந்தப் பருவத்திலேயே தொடங்கக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஓடைக் கரையை ஒட்டி ஐந்து முதல் பத்து மீட்டர் அகலத்துக்கு உழாமல், கொத்தாமல் விடுங்கள். அங்கே இயல்பாக உள்ள புல்லும் செடியும் அப்படியே இருக்கட்டும். கீழ்மலைக் காப்பி, மலைவாழைத் தோட்டங்களில் வெட்டிவேரை வரிசையாக நடலாம். மண்ணையும் மருந்தையும் வடிகட்டும் முதல் வேலி இதுதான். மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கும்.

பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே, சமஉயரக் கோட்டில் போடுங்கள். நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்று பயந்துதான் பலர் மேலிருந்து கீழாகப் போடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பாத்திக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் லேசான சாய்வு கொடுத்து, ஓரத்தில் புல் வளர்ந்த வடிகாலில் சேர்த்துவிட்டால் நீரும் தேங்காது, மண்ணும் போகாது. வடிகால் ஓடையில் சேரும் முன் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். மழைக்குப் பின் குழியில் சேரும் மண்ணை அள்ளி மறுபடி பாத்தியிலேயே போடலாம்.

தெளிப்பானை ஓடையில் முக்கி நிரப்பாதீர்கள், ஓடையில் கழுவாதீர்கள். வாளியில் நீர் எடுத்து, ஓடையிலிருந்து தள்ளி வைத்து மருந்து கலக்குங்கள். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்துவிடுங்கள். மேகம் கறுத்திருக்கும்போது மருந்து அடிப்பது காசை ஓடையில் கொட்டுவதற்குச் சமம்.

மருந்துக் கடையில் "எது வேகமாகக் கேட்கும்?" என்று மட்டும் கேட்காமல், லேபிளில் மீனுக்கு ஆபத்து என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு இவற்றில் தொடங்கி, பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டும் ரசாயனத்துக்குப் போவது நல்லது. ஓடைக்குப் பக்கத்துப் பாத்திகளில் பைரித்ராய்டு வேண்டவே வேண்டாம். வேப்பம் பொருள்களையும் ஓடைநீரில் கலக்க விடக் கூடாது.

ஓடையில் குழாய் போட்டிருக்கும் விவசாயிகள் கோடையில் முறை வைத்து நீர் எடுக்கலாம். யார் எடுத்தாலும் ஓடையின் ஓட்டம் அறுபடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடாக இருக்கட்டும். இரவில் குழாயை மூடினாலே கீழே உள்ள மடுக்கள் உயிர் பிழைக்கும்.

கல் புரட்டும் சோதனை

விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் வயல்வெளிப் பள்ளியில் செய்து காட்ட ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளைத் தட்டு ஒன்றில் ஓடைநீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டமுள்ள இடத்தில் உள்ளங்கை அளவுக் கற்கள் பத்தைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தட்டில் அலசுங்கள். வாலில் மூன்று இழை கொண்ட புழுக்கள் மேஃபிளை. இரண்டு இழை மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பவை கேடிஸ். இந்த மூன்றும் இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது. சிவப்புப் புழுக்களும் கொசுப் புழுக்களும் மட்டும் இருந்தால் மேலே எங்கோ தவறு நடக்கிறது. தோட்டத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று பார்த்தால் தவறு எங்கே என்பதும் தெரியும். மருந்து அடிக்கும் காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

வருமானம் வருமா?

"மீனைக் காப்பாற்றினால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பது நியாயம். தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் ரேவா என்ற கிராமம் மழைக்காட்டு ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள பழங்குடி மக்களே விடுதி நடத்துகிறார்கள். நூறு கிலோவுக்கு மேலும் வளரும் அரபைமா மீனை இறகுத் தூண்டிலில் பிடித்து, உடனே விட்டுவிட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெட்டி விற்றால் ஒரு முறைதான் காசு தரும் மீன், உயிரோடு இருந்தால் பல முறை தருகிறது.

அதை இங்கே அப்படியே நகலெடுக்க முடியாது. கொடைக்கானல் மலைப்பகுதியில் பெரும்பங்கு காடு 2013-ல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் வனத்துறை அனுமதியின்றித் தூண்டில் போடுவது குற்றம். காவிரி முகாம்களில் தூண்டில் நின்றதும் அவை சரணாலயத்துக்குள் இருந்ததால்தான். காவல் போனதால் வெடிக்காரர்கள் திரும்ப வந்துவிட்டார்கள் என்று தூண்டில்காரர்கள் சொல்கிறார்கள். சரணாலயத்தில் மீனுக்கு மட்டும் விதிவிலக்கு எப்படித் தருவது என்று வனத்துறை தரப்பில் கேட்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. மிக அருகிய இனம் ஒன்றின் மேல் இப்போதைக்குத் தூண்டில் விழ வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆனால் தூண்டில் இல்லாமலும் மீனைக் காத்த ஊர்கள் உண்டு. கர்நாடகத்தில் சிருங்கேரியில் துங்கை ஆற்றிலும், சிசிலாவில் கபிலா ஆற்றிலும் கோயில் படித்துறையை ஒட்டிய மடுக்களில் மஹ்சீர்கள் கூட்டம் கூட்டமாக நீந்துகின்றன. அங்கே யாரும் வலை போடுவதில்லை. ஊர் வைத்த கட்டுப்பாடு அது. நம் மலைக் கிராமங்களிலும் கோயில் காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற பழக்கம் இருக்கிறது. ஒரு மடுவுக்கும் அதே கட்டுப்பாட்டை வைக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

உங்களுக்கு உடனே கிடைக்கும் லாபம் தூண்டிலில் இல்லை, மண்ணில் இருக்கிறது. வண்டல் குழியில் நிற்கும் மேல்மண், குறையும் மருந்துச் செலவு, ஏப்ரலிலும் ஓடும் ஓடை இவை மூன்றும் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு வேண்டியவை. அவற்றைச் செய்தால் கீழே மீனும் பிழைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் உங்கள் ஓடைக்கரையில் ஐந்து மீட்டரை அளந்து முளைக்குச்சி நடுங்கள். அதற்குள் மண்வெட்டி போகாமல் பார்த்துக்கொண்டால், இந்த ஆண்டுக்கு அதுவே நல்ல தொடக்கம்.